பியூலா டீச்சர் கை தூக்கினால்

கே.ஜி.எஃப். ஆண்டர்சன்பேட்டைப் பள்ளிக்கூட மைதானத்தில் பியூலா டீச்சர் "அட்டென்ஷன்" என்று ஒரு குரல் கொடுத்தால், மார்க்கெட்டில் கறி வெட்டுகிறவன்கூடக் கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்து நிற்பான் என்று ஊரில் சொல்வார்கள். அதில் பாதிதான் மிகை. இருபத்திரண்டு வருஷம் அவள் அங்கே பி.டி. டீச்சர். சுதந்திர தினத்தன்று அறுநூறு பிள்ளைகளை மைக் இல்லாமல், வெறும் தொண்டையாலேயே அணிவகுத்து நடக்க வைத்தவள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவள் பாட்டெடுத்தால் பக்கத்து வரிசைக்காரர்கள் தங்கள் சத்தத்தைத் தணித்துக்கொள்வார்கள்.

நாற்பத்தாறாம் வயதில் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. கெட்ட கட்டி. குரல் நரம்பையும் சேர்த்துச் சுற்றிப் பிடித்திருக்கிறது, உயிரா குரலா என்றால் உயிரைத்தான் பார்க்கவேண்டும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். பியூலா தலையாட்டினாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எட்டு மாதம் பேச்சுப் பயிற்சிக்குப் போய்வந்த பிறகு அவளுக்குக் கிடைத்தது வெறும் காற்றுதான். காதைக் கிட்டே கொண்டுவந்தால் கேட்கும். மேலே மின்விசிறி ஓடினால் கேட்காது.

பள்ளிக்கூடம் அவளைக் கைவிடவில்லை. ஆபீஸ் அறையில் ஒரு மேசை போட்டு, வருகைப் பதிவேடுகளைச் சரிபார்க்கும் வேலையைக் கொடுத்தார்கள். மேசைக்குப் பக்கத்தில் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே மைதானம். அங்கே கிரண் என்ற புது பி.டி. மாஸ்டர் விசிலும் கையுமாக நின்றான். நல்ல பையன்தான். ஆனால் அவன் வரிசையைக் கோணலாக நிறுத்தும்போதெல்லாம் பியூலாவுக்குப் பார்க்கப் பொறுக்காது. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

ஒரு நாள் கிரண் லீவு. ஏழாம் வகுப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ள முடியுமா என்று ஹெட்மாஸ்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார். பியூலா போனாள். மைதானத்து நடுவில் நின்று வலது கையைத் தலைக்கு மேலே தூக்கினாள். நாற்பது பிள்ளைகளில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஓடினார்கள், இடித்தார்கள், மண்ணை வாரி இறைத்தார்கள். ஆனால் காம்பவுண்டு ஓரத்தில் திரிந்துகொண்டிருந்த ஒரு செம்மண் நிறத் தெருநாய் அவளுக்கு நேரெதிரே வந்து, பின்னங்காலை மடித்து உட்கார்ந்தது. ஒரு காது தூக்கி, ஒரு காது தொங்கி, கண்ணெல்லாம் அவள் கைமேல்.

கையை இறக்கினாள். எழுந்தது. மறுபடி தூக்கினாள். உட்கார்ந்தது. மதியச் சாப்பாட்டின்போது பிள்ளைகள் முட்டைத்துண்டைத் தூக்கிப் பிடித்தால் உட்கார்ந்து வாங்கித் தின்று பழகிய நாய் என்பது அவளுக்குப் பின்னால்தான் தெரிந்தது. அந்த நிமிஷத்தில் தெரிந்தது ஒன்றே ஒன்று: ஒன்றரை வருஷத்தில் முதல்முறையாக, அவள் சொன்னதை ஓர் உயிர் கேட்டது.

அன்று சாயங்காலம் அந்த நாய் அவள் பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டது. பெங்களூர் தொழிற்சாலைக்கு விடிகாலை ரயிலில் போய் ஏழு மணிக்குத் திரும்பிவந்த கணவன் சாம்ராஜ், வாசலில் ஒரு நாய் படுத்திருப்பதையும் மனைவி அதற்குச் சோறு பிசைந்துகொண்டிருப்பதையும் பார்த்தான். இன்னா இது என்று கேட்டான். பியூலா கையை உயர்த்திக் காட்டினாள். நாய் எழுந்து உட்கார்ந்தது. சாம்ராஜ் கொஞ்ச நேரம் நாயைப் பார்த்தான், அதற்குமேல் கொஞ்ச நேரம் மனைவியின் முகத்தைப் பார்த்தான். கைகால் கழுவப் போனான்.

பேர் வைப்பதில்தான் சிக்கல். ரோசி, டெய்சி என்று சாம்ராஜ் சொன்ன பெயரையெல்லாம் அவள் சொல்லிப் பார்த்தாள். எல்லாம் காற்றாய்க் கரைந்தது. 'ச' மட்டும்தான் பல்லிடுக்கில் சீறிக்கொண்டு வெளியே வந்தது. சூசி என்றாள். நாய் தலையைச் சாய்த்தது. அதுவே பேராயிற்று.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் லவினா போனில் ஒரு வீடியோ அனுப்பினாள். நாய்களுக்கான கீழ்ப்படிதல் போட்டி. கயிறு கட்டிய களத்துக்குள் ஒருவர் நாயோடு நடக்கிறார். அவர் திரும்பினால் நாய் திரும்புகிறது, நின்றால் உட்கார்கிறது. அழகுப் போட்டி இல்லை, ஜாதி பார்ப்பதில்லை, தொடக்கநிலைப் பிரிவில் எந்த நாயும் வரலாம் என்று கீழே எழுதியிருந்தது. அம்மா, உனக்குத்தான் இது என்று லவினா சேர்த்திருந்தாள். பியூலா அந்த வீடியோவை எத்தனை முறை பார்த்தாள் என்பதற்குக் கணக்கில்லை. நடுவர் சொல்லுகிற கட்டளைகள் அவளுக்குப் புதிதல்ல. முன்னே நட, இடப்பக்கம் திரும்பு, பின்னே திரும்பு, நில். இருபத்திரண்டு வருஷம் அவள் கூவிய வார்த்தைகள்.

மறுநாளே தொடங்கினாள். காலை ஆறு மணிக்கு, மூடிப்போன தங்கச் சுரங்கத்தை ஒட்டிய பழைய மைன்ஸ் கிரவுண்டில். அவித்த கோழி ஈரலைச் சுண்டைக்காய் அளவு நறுக்கி இடுப்புப் பையில் போட்டுக்கொள்வாள். கையைத் தரையை நோக்கித் தாழ்த்தினால் படுக்கவேண்டும். உள்ளங்கையை மூக்குக்கு நேரே காட்டினால் அசையாமல் இருக்கவேண்டும். மூன்று அடி தள்ளி நின்று பார்த்தாள், பிறகு பத்தடி, பிறகு ஐம்பது. தூரத்திலிருந்து கூப்பிடத்தான் வழியில்லை. பெட்டியிலிருந்து தன் பழைய பித்தளை விசிலை எடுத்தாள். ஒரு விசில் அடித்தால் சூசி அம்பு மாதிரி வந்து அவள் முழங்காலருகே உட்காரும். இரண்டே மாதத்தில் எல்லாம் படிந்துவிட்டது. அசடு என்று யாரும் சொல்லமுடியாத நாய்.

ஒன்றே ஒன்றுதான் வரவில்லை. போட்டியில் நடுவர் நாயின் தலை, தோள், இடுப்பு மூன்றையும் தொட்டுப் பார்ப்பார், நாய் நகரக்கூடாது. சூசி தெருவில் கல்லடி பட்டு வளர்ந்தது. அந்நியக் கை கிட்டே வந்தால் முதுகை வளைத்துக்கொண்டு தரையோடு தரையாகப் பதுங்கும். அதற்கு ஊர்க் கைகள் வேண்டும். பியூலா தன் தெருவில் இருந்த பன்னிரண்டு வீட்டுக்கும் போனாள். ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினாள்: தினமும் ஒரு தடவை தொட்டு, இந்த ஈரல்துண்டைக் கொடுத்தால் போதும்.

எதிர்வீட்டு மங்கம்மா அந்தக் காகிதத்தை வாங்கவே இல்லை. சூசி பள்ளிக்கூடத்து நாயாக இருந்த காலத்தில் அவளுடைய இரண்டு கோழிகளைத் தின்றிருந்தது. அவள் ஒரு வாரம் வாசலில் நின்று, மற்றவர்கள் தொடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டாம் நாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

"இங்க குடு டீச்சரு. எல்லாரும் தொடறாங்கோ. கடைசியில நான் தொடலன்னுதான் அது தோத்துச்சின்னு பேரு வரணுமா?"

சூசியின் தலையில் கை வைத்தாள். நாய் நடுங்கியது, ஆனால் நின்றது. மங்கம்மா கையை உடனே எடுக்கவில்லை.

முதல் போட்டி செப்டம்பரில் பெங்களூரில் நடந்தது. பள்ளிப்பிள்ளைகளை ஏற்றி இறக்கும் சரத் என்ற பக்கத்துத் தெருக்காரன் தன் ஆம்னி வேனை எடுத்துக்கொண்டு வந்தான். சாம்ராஜ் வாரத்தில் கிடைக்கிற ஒரே ஞாயிற்றுத் தூக்கத்தைத் தியாகம் செய்து முன்சீட்டில் உட்கார்ந்தான். பங்காருபேட்டை தாண்டும்போதே சூசி பியூலாவின் மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டது. தூங்காதவள் பியூலாதான்.

மைதானத்தில் அவள் பார்த்த நாய்கள் அதுவரை காலண்டரில் மட்டும் பார்த்தவை. ஷாம்பு போட்டுச் சீவிய லாப்ரடார்கள், பளபளக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுகள். படிவத்தில் 'இனம்' என்ற கட்டத்தில் பியூலா 'தெருநாய்' என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். வாங்கிய இளைஞன் புன்னகைத்தான். ஏளனமில்லை, அவள்தான் அப்படி எடுத்துக்கொண்டாள்.

சூசி நன்றாகவே நடந்தது. வளைவுகளில் பிந்தவில்லை. நடுவர் தொட்டபோது வால்நுனி மட்டும் ஆடியது. கடைசியில் கூப்பிடும் சோதனை. களத்தின் மறுகோடியில் சூசி உட்கார்ந்திருந்தது. பியூலா விசிலை வாயில் வைத்து ஊதினாள். சூசி பறந்து வந்து எதிரே நேராக உட்கார்ந்தது. வேலிக்கு வெளியே யாரோ கைதட்டினார்கள். நடுவர் மட்டும் தட்டவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே தாளில் ஒரு சுழியம் போட்டார்.

ஏன் என்று அவள் கேட்டாள். ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. நடுவர் குனிந்து காதைக் கொடுத்தார், கேட்கவில்லை, மறுபடி குனிந்தார். பின்னால் அடுத்த போட்டியாளர் காத்திருந்தார். மன்னிக்கவேண்டும் என்பதுபோலக் கையைக் காட்டி அவளை வெளியே அனுப்பினார். ஒரு சோதனையில் சுழியம் வாங்கினால் மொத்தமும் தோல்வி. அது பியூலாவைச் சுடவில்லை. ஏன் என்று கேட்க ஒரு குரல் இல்லாமல் போனதுதான் சுட்டது. வேனுக்குப் பின்னால் போய், சூசியின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். சாம்ராஜ் இரண்டடி தள்ளி, யாரும் அந்தப் பக்கம் வராமல் மறைத்துக்கொண்டு நின்றான்.

அப்படியும் ஒரு பெண் வந்தாள். களத்துக்குள் நடுவருக்கு உதவியாக நின்ற ஷோபா. கையில் மெல்லிய ஒரு விதிப்புத்தகம் இருந்தது. கன்னடமும் தமிழுமாகப் பேசினாள். விசில், மணி, எந்தக் கருவியும் களத்துக்குள் கூடாது என்பது விதி, அதனால்தான் சுழியம். நாயில் எந்தக் குறையும் இல்லை. புத்தகத்தை விரித்து ஒரு வரியின்மேல் விரலை வைத்தாள்.

"இத நோடி மேடம். வாயால ஒரு தடவ சொல்லலாம், இல்லாட்டி கையால ஒரு தடவ காட்டலாம். ரெண்டுக்கும் ஒரே மார்க்குதான். நீங்க எதுக்கு விசில் அடிக்கிறீங்க?"

திரும்பும் வழியெல்லாம் பியூலா, ஷோபா கொடுத்தனுப்பிய புத்தகத்தில் அந்த ஒரு வரியையே படித்துக்கொண்டு வந்தாள். வாய்ச்சொல் அல்லது கைச்சைகை. இரண்டும் சமம். அவளுக்குக் குரல் போன நாளிலிருந்து இப்படி ஒரு வாக்கியத்தை யாரும் அவளுக்கு எழுதிக் கொடுத்ததில்லை. பங்காருபேட்டையில் டீ குடிக்க வேனை நிறுத்தியபோது சாம்ராஜ் அவள் முகத்தைப் பார்த்தான்.

"இன்னா, விட்டுடலாமா?" என்றான்.

அவள் அவன் காதருகே குனிந்தாள். "பிப்ரவரியில இன்னொரு போட்டி கீதாம்," என்றாள்.

ஆனால் விசிலை விட்டுக் கைக்கு மாறுவது சொன்னபடி எளிதாக இல்லை. விசில் காதுக்குப் போகும். நாய் எங்கே பார்த்துக்கொண்டிருந்தாலும் எட்டும். கை கண்ணுக்குத்தான் போகும். சூசி ஐம்பதடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு ஆட்டையும் காக்காயையும் பந்து விளையாடுகிறவர்களையும் வேடிக்கை பார்த்தது. பியூலா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சிலுவை மாதிரி நின்றாள். கிரவுண்டில் நடைப்பயிற்சிக்கு வருகிற பென்ஷன்காரர் முனிரத்தினம், தினமும் இரண்டு சுற்று முடியும்வரை அவள் அப்படியே நிற்பதைப் பார்த்துவிட்டு, நாய் செவிடா என்று கேட்டார்.

ஒரு நாள் யோசித்துப் பார்த்தபோது அவளுக்கே விளங்கியது. குரல் இருந்த காலத்தில் பிள்ளைகள் அவளைப் பார்க்கவேண்டிய தேவையே இருந்ததில்லை. இப்போது முதலில் பார்க்கவைக்க வேண்டும், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. உட்காரு, படு, வா எல்லாவற்றையும் ஓரங்கட்டினாள். ஒரு மாதம் ஒரே பாடம்தான். சும்மா நிற்பாள். சூசி தற்செயலாக அவள் முகத்தைப் பார்த்தால் ஒரு துண்டு ஈரல். பார்க்காவிட்டால் ஒன்றுமில்லை; கோபமும் இல்லை. முதல் வாரம் பத்து நிமிஷத்துக்கு நாலு பார்வை. மூன்றாம் வாரம் சூசி அவள் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. மார்க்கெட்டுக்கு நடுவே, சர்ச் மணி அடிக்கும்போது, மங்கம்மாவின் புதுக் கோழிகள் மூக்குக்கு முன்னால் கிளறிக்கொண்டிருக்கும்போதும். மங்கம்மா அதைப் பார்க்கவென்றே கூடையைத் தூக்கிக் கோழிகளைத் திறந்துவிடுவாள்.

அதன்பிறகு கைக்கு வேலை குறைந்துவிட்டது. வலது கையைப் பக்கவாட்டில் விரித்து மார்புக்குக் கொண்டுவந்தால் சூசி வந்தது. இடது கையை ஒரு விரற்கடை முன்னே அசைத்தால் கூடவே நடந்தது. ஜனவரிக் கடைசியில் முனிரத்தினம் தன் சுற்றைப் பாதியில் நிறுத்தி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். சூசி படுத்த இடத்தில் அசையாமல் ஏழு நிமிஷம் இருந்தது என்று அவரே வந்து சொன்னார்.

பிப்ரவரிப் போட்டி பெங்களூரில், ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு கல்லூரி மைதானத்தில். தொடக்கநிலையில் பதினான்கு நாய்கள். இம்முறை சரத்தின் வேனில் மங்கம்மாவும் இருந்தாள். யாரும் கூப்பிடவில்லை, ஏறிக்கொண்டாள். நடுவர் ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றவர், பேரிடிக் குரல். "ஃபார்வர்ட்" என்று அவர் முழங்கியதும் பியூலாவின் முதுகு தானாகவே நிமிர்ந்தது. இடது கை லேசாக அசைந்தது. சூசி அவள் முழங்காலோடு ஒட்டிக்கொண்டு நடந்தது. இடம், வலம், பின்புறம், மெதுவாக, வேகமாக, நில். எட்டு வடிவத்தில் இரண்டு ஆட்களைச் சுற்றி வந்தபோது நாயின் கழுத்துக் கயிறு ஒரு தடவைகூட விறைக்கவில்லை. நடுவர் கை தலையில் பட்டது, தோளில் பட்டது, இடுப்பில் பட்டது. பன்னிரண்டு வீட்டுக் கைகளைப் பார்த்த நாய்க்கு அது பதின்மூன்றாவது கை, அவ்வளவுதான். கூப்பிடும் சோதனையில் பியூலா கையை ஒரே ஒருமுறை விரித்து மடக்கினாள். சூசி வந்து உட்கார்ந்தது, கொஞ்சம் கோணலாக. அரை மதிப்பெண் போயிற்று.

மிஞ்சியது கூட்டுச் சோதனை. பதினான்கு நாய்களும் ஒரே வரிசையில் படுத்திருக்க, உரிமையாளர்கள் எதிர்க்கோடியில் மூன்று நிமிஷம் நிற்கவேண்டும். ஒரு நிமிஷம் சரியாகத்தான் போனது. பிறகு நடுவில் இருந்த ஒரு பொன்னிற நாய் சோம்பல் முறித்து எழுந்து, அக்கம்பக்கத்து நாய்களை மோப்பம் பிடிக்க ஆரம்பித்தது. அதன் உரிமையாளர் பதறிப்போய் "டவுன், டவுன்" என்று கத்தினார். அந்தச் சத்தத்தில் ஒரு லாப்ரடார் எழுந்தது. அதன் எஜமானியும் கத்தினாள். இன்னொன்று எழுந்தது. ஒரு நிமிஷத்துக்குள் அந்தப் பக்கம் ஐந்து நாய்கள் எழுந்து நிற்க, இந்தப் பக்கம் ஐந்து குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன.

பொன்னிற நாய் நேரே சூசியிடம் வந்தது. காதை முகர்ந்தது. முன்னங்காலைத் தூக்கி அதன் முதுகில் வைத்தது. பியூலா கையை அசைக்கக்கூடாது. இரண்டாம் சைகை கொடுத்தால் தோல்வி. முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த கைகளை இறுக்கிக்கொண்டாள். முப்பதடிக்கு அப்பால் சூசியின் இரண்டு கண்ணும் அவள் முகத்திலேயே இருந்தன. இத்தனை கூச்சலில் அதற்கென்று எந்தச் செய்தியும் இல்லை. கத்துகிற குரல் எதற்கும் அது பழகியதே இல்லை. தனக்கு வேண்டியது வருகிற இடம் எது என்று மட்டும் அதற்குத் தெரியும். அந்த முகம் சலனமில்லாமல் இருந்தது. சூசியும் இருந்தது.

நடுவர் நேரம் முடிந்தது என்று கையை உயர்த்தியபோது வரிசையில் சூசியோடு சேர்த்து நாலே நாய்கள் படுத்திருந்தன. இடைஞ்சல் பட்ட நாய்களுக்கு மறு வாய்ப்பு கொடுத்தார்கள், அது நியாயம். சூசிக்குத் தேவைப்படவில்லை.

அங்கங்கே கழிந்ததெல்லாம் போக நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. அடுத்து வந்த ஜெர்மன் ஷெப்பர்டு தொண்ணூற்று நான்கு. முதல் பரிசு என்று பெயரை வாசித்தபோது பியூலா அசையாமல் நின்றாள். சாம்ராஜ் முதுகில் கை வைத்துத் தள்ளினான். கோப்பையைக் கொடுத்த அந்த ராணுவ நடுவர், முப்பது வருஷத்தில் களத்தில் இவ்வளவு அமைதியான ஒருவரைப் பார்த்ததில்லை என்று சொன்னார். பிறகு, விவரம் தெரியாமல், இரண்டு வார்த்தை பேசுங்கள் என்று மைக்கை நீட்டினார்.

சாம்ராஜ் முன்னே ஓடிவந்தான், தான் பேசுவதாகச் சொல்ல. பியூலா அவனைக் கையமர்த்தினாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் மைக்கைத் தொட்டதில்லை. ஒலிபெருக்கியில் தன் காற்றைக் கேட்க அவளுக்கே பயமாக இருந்தது. மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்தாள்.

"இவ பேரு சூசி," என்றாள். "நாங்க கே.ஜி.எஃப்."

கரகரவென்று, மணலில் காற்று போவதுபோல அது மைதானம் முழுக்கக் கேட்டது. கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மங்கம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலிருந்த யாரோ ஒரு பெங்களூர்க்காரியிடம், அந்த நாய்க்கு என் வீட்டுக் கோழிதான் உடம்பு என்று தெலுங்கில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது பங்காருபேட்டைக்கு முன்பே விஷயம் ஊருக்குப் போய்விட்டது. போட்டியைப் பார்க்க வந்திருந்த லவினா வீடியோ போட்டிருந்தாள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் கிரண் ஏழாம் வகுப்பை ஆபீஸ் வாசலுக்கே அழைத்து வந்து, கோப்பையைக் காட்டச் சொன்னான். பியூலா வெட்கப்பட்டுக்கொண்டு காட்டினாள். சாயங்காலம் அவளே போய் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை மைன்ஸ் கிரவுண்டுக்குப் போனபோது அங்கே முனிரத்தினம் நின்றிருந்தார், ஒரு கொழுத்த பொமரேனியனோடு. பக்கத்தில் சரத், தன் தம்பி வளர்க்கும் நாட்டு நாயோடு. பேத்தமங்களாவிலிருந்து தன் ராஜபாளையத்தை ஸ்கூட்டரில் உட்காரவைத்துக் கொண்டுவந்திருந்தார் ஒரு விவசாயி. மூன்று நாய்களும் ஒன்றையொன்று பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தன. மூன்று பேரும் அவரவர் நாயைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

எங்களுக்கும் கத்துக்குடுங்க டீச்சர் என்றார் முனிரத்தினம். பியூலா பையிலிருந்து நோட்டை எடுத்து, பெரிய எழுத்தில் ஒரு வரி எழுதி மூவரிடமும் காட்டினாள்: 'முதல் ஒரு மாசம் நீங்க யாரும் பேசக்கூடாது.'

சரத் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. வலது கையைத் தலைக்கு மேலே தூக்கினாள். மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டு, தங்களை அறியாமல், நிமிர்ந்து நின்றார்கள்.